சுண்ணாம்புக் கீற்று

கையெழுத்துப் போட ஜெபகனிக்கு நேரம் பிடிக்கும். அவள் வேலை பார்த்த இரண்டு இடங்களிலும் இது பெயர்போன சங்கதி. நீட்டிய தாளை முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். பிறகு முன்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை விரல் ஓட்டிப் படிப்பாள். நீட்டியவர் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். படித்து முடித்த பிறகுதான் பேனா மூடியைக் கழற்றுவாள். தகப்பனார் பெயரையும் சுருக்காமல் தேவசிகாமணி ஜெபகனி என்று முழுதாக எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, தேதி போடுவாள். போட்ட கையெழுத்தை அவள் ஒருநாளும் திரும்ப வாங்கியதில்லை.

முதல் இடம் பள்ளிக்கூடம். பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வருடம் தற்காலிக அறிவியல் ஆசிரியை. ஒரு வருடம் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் தாளாளரின் அக்கா மகன் வெங்காயத் தோலைக்கூட உரிக்காமல் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனான். அவன் பெயருக்கு நேரே இருபது என்று முன்கூட்டியே எழுதப்பட்ட பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. ஜெபகனி இருபதை அடித்து இரண்டு என்று எழுதினாள். அடுத்த ஜூனில் அவளுக்குப் பணி நீட்டிப்பு வரவில்லை. தலைமையாசிரியை வருத்தப்பட்டாள். "ஒரு கையெழுத்துதானே ஜெபகனி" என்றாள். "ஆமா, என் கையெழுத்து" என்று சொல்லிவிட்டு, தன் ஸ்டீல் டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

அதற்குச் சில வருடம் முன்பு அதே தேர்வில் அவளிடம் பதினான்கு மார்க் வாங்கியவன் கிங்ஸ்லி. பெங்களூரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் மூன்றாவது மாடியை வாடகைக்கு எடுத்தான். இருபத்திரண்டு கணினிகள், இருபத்திரண்டு பெண்கள். வெளியூர்க் கம்பெனிகள் படங்களை அனுப்பும். லாரி எது, சைக்கிள் எது, சுவரில் விரிசல் எது, பல்லில் சொத்தை எது என்று கட்டம் கட்டிப் பெயர் கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் படங்களை வைத்துத்தான் அங்கே எந்திரம் பாடம் படிக்கிறது. ஆரம்பித்த மூன்றாவது மாதம் சாந்தி நகரில் ஜெபகனியின் வீட்டைத் தேடி வந்து நின்றான்.

"டீச்சர், இந்தப் பிள்ளைங்க போடுத கட்டத்துக்கு மார்க் போட ஒரு ஆள் வேணும். தப்புன்னா தப்புன்னு சொல்லுத ஆளா வேணும்."

"ஒனக்கே பதினாலுதாம்லே போட்டேன்."

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அப்படிப் போனவள்தான். தர மேற்பார்வையாளர் என்று அட்டை அடித்துக் கொடுத்தான். நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு இந்த வேலையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் எந்திரம் எப்படிப் படிக்கிறது என்று தேடித் தேடிப் படித்தாள். புரிந்ததை நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள். முதல் பக்கத்தில் இருந்தது இது: 'எதைப் பார்க்க வேண்டும் என்று எந்திரத்துக்கு யாரும் சொல்வதில்லை. ஆயிரம் படத்தைக் காட்டி, இது இது, அது அது என்று பெயரை மட்டும் சொல்கிறோம். வித்தியாசத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. என்ன கண்டுபிடித்தது என்று நம்மிடம் சொல்லாது.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் வாழை வேலை. ஒரு வெளியூர்க் கம்பெனிக்கு, விவசாயி போனை மரத்துக்கு நேரே பிடித்தால் வாடல் நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் செயலி வேண்டும். இந்தத் தடவை படத்துக்குப் பெயர் கொடுத்தால் மட்டும் போதாது. எந்திரத்துக்குப் பாடம் சொல்லி முடித்தே தர வேண்டும். அதற்காகக் கிங்ஸ்லி திருநெல்வேலி டவுனிலிருந்து அனுராதா என்ற இருபத்தாறு வயது இன்ஜினியரை எடுத்தான். கட்டம் கட்டுகிற கடை என்ற பெயர் போய், எந்திரத்தை உருவாக்குகிற இடம் என்று ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த ஆசையில் தப்பொன்றும் இல்லை.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் வரைக்கும் வயல் வயலாகப் போய் ஆறாயிரம் படம் எடுத்து வந்தார்கள். பாதி நல்ல மரம், பாதி வாடல் விழுந்த மரம். இருபத்திரண்டு பெண்களும் உட்கார்ந்து பெயர் கொடுத்தார்கள். அனுராதா ஆறு வாரம் கணினியைத் தூங்கவிடாமல் பாடம் சொன்னாள். ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்து நின்று, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி என்றாள். கிங்ஸ்லி அல்வா வாங்கி வரச் சொன்னான். சனிக்கிழமை ஏரலில் விவசாயிகளைக் கூட்டி, செயலியைக் கையில் கொடுப்பதாகத் தேதி குறித்தாயிற்று. பாக்கி இருந்தது தரச் சான்றில் ஜெபகனியின் கையெழுத்து மட்டும்.

எல்லோரும் தொண்ணூற்றேழைப் பார்த்தார்கள். ஜெபகனி மூன்றைப் பார்த்தாள்.

சோதனைக்கு ஒதுக்கிய படங்களில் எந்திரம் தப்பாகச் சொன்னவை நாற்பத்தொன்று. அவற்றைத் தாளில் அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் இரண்டு வரிசையாகப் பரப்பினாள். ஒரு வரிசை, நல்ல மரத்தை நோய் என்றவை. மற்றது, நோய் மரத்தை நல்லது என்றவை. மதியம் சாப்பிட வந்த பெண்கள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். இலையைப் பார்த்தாள், வெளிச்சத்தைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாளும் படங்கள் அங்கேயே கிடந்தன. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்ப எழுந்தவள், எட்டி நின்று பார்த்தபோது கண்டாள்.

நல்லது என்று தப்பாகச் சொன்ன பதினைந்து படத்திலும் தண்டில், ஆள் நெஞ்சு உயரத்தில், வெள்ளையாக ஒரு கீற்று. இன்னொரு வரிசையில் ஒரு மரத்திலும் அது இல்லை.

சுண்ணாம்பு. வியாபாரி வயலுக்கு வந்து தார்களைப் பார்த்து, விலை படிந்ததும், பேசிய மரத்துக்கெல்லாம் அவன் ஆள் தண்டில் ஒரு விரல் சுண்ணாம்பை இழுத்துவிட்டுப் போவான். இது விற்றுப்போன மரம், வேறு யாரும் கேட்க வேண்டாம் என்று அர்த்தம். நோய் மரத்தை எவன் விலை பேசுவான்? ஆக, நல்ல மரம் என்று எடுத்த படம் நூற்றில் தொண்ணூற்றாறில் கீற்று இருந்தது. வாடல் மரத்தில் இல்லை, விலை பேசிய பிறகு நோய் விழுந்த சிலதைத் தவிர. எந்திரத்துக்கு இலையாவது, மஞ்சளாவது. கீற்று இருந்தால் நலம், இல்லாவிட்டால் வாடல்.

அவளுக்குக் கோபம் எந்திரத்தின்மேல் வரவில்லை. படங்களைப் பார்த்துப் பெயர் கொடுத்த பெண்களும் அவளுமாக இருபத்து மூன்று பேரும் இந்த ஆற்றங்கரைப் பிள்ளைகள். ஜெபகனி பிறந்ததே ஏரலில். அந்தக் கீற்றை ஆயிரம் தடவை பார்த்தவர்கள் என்பதால்தான் ஆறாயிரம் படத்திலும் ஒருத்தி கண்ணிலும் அது படவில்லை. வெளியூர்க்காரி ஒருத்தி இருந்திருந்தால் முதல் நாளே, அது என்ன வெள்ளையாக என்று கேட்டிருப்பாள்.

புதன்கிழமை காலை அனுராதாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எந்திரம் எங்கன பாத்துச் சொல்லுதுன்னு சிவப்பா காட்டுத படம் ஒண்ணு உண்டுல்லா. அத எடு."

"எதுக்குக்கா? நல்லாத்தானே சொல்லுது."

"எடு, பாப்போம்."

அனுராதா எடுத்தாள். எந்திரம் எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்ததோ அந்த இடம் சிவந்து தெரியும். இலைகள் நீலமாகக் கிடந்தன. அடித்தண்டு நீலம். நெஞ்சு உயரத்தில் மட்டும் மிளகாய்ப் பழம்போல ஒரு சிவப்பு. அடுத்த படத்திலும் அதே. பத்துப் படம் பார்த்த பிறகு அனுராதா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறு வாரம்க்கா" என்றாள்.

"தெரியும். நீ சொல்லிக்கொடுத்ததுல தப்பில்ல. நாம கொடுத்த பாடப்புஸ்தகம் தப்பு."

கிங்ஸ்லி கேட்டுவிட்டு நாற்காலியைச் சுழற்றினான். "தொண்ணூத்தேழு டீச்சர். எந்த டாக்டரும் இவ்வளவு சரியாச் சொல்ல மாட்டான்."

"பரீட்சைக்கு வந்த படமும் அதே வயக்காட்டுப் படந்தான். மனப்பாடம் பண்ணுன கேள்வியே வந்தா எவனும் தொண்ணூத்தேழு வாங்குவான்."

"நாலு படத்த வச்சுச் சொல்லுதீய."

"சரி, வயலுக்குப் போவோம். மரத்துகிட்டயே கேப்போம்."

வியாழக்கிழமை கிங்ஸ்லியின் காரில் மூன்று பேரும் ஏரல் போனார்கள். வழியில் ஒரு பெட்டிக்கடையில் ஜெபகனி வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டப்பா வாங்கினாள். வாய்க்கால் ஓரத்து ரஸ்தாளி வயலில் வாழை வியாபாரி ஆவுடைநாயகம் தார் வெட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அந்தக் கரையில் வாழை வாங்குகிறவர். ஜெபகனியின் அப்பாவைத் தெரிந்தவர்.

"என்ன டீச்சரம்மா, சுண்ணாம்பும் கையுமா? வெத்தல போட ஆரம்பிச்சாச்சா?"

"இல்ல அண்ணாச்சி. ஒங்க ஏவாரத்த இன்னைக்கு நான் பாக்கப் போறேன்."

வயல் மூலையில் வாடல் விழுந்த மரம் ஒன்று நின்றது. சந்தேகத்துக்கே இடமில்லை. கீழ் இலைகள் மஞ்சளாகி ஒடிந்து, பாவாடை மாதிரி தண்டைச் சுற்றித் தொங்கின. அடித்தண்டு வெடித்திருந்தது. கிங்ஸ்லி போனைப் பிடித்தான். 'வாடல் நோய், 94' என்றது. கிங்ஸ்லி ஜெபகனியைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்துத் தண்டில் இழுத்தாள்.

"இப்பப் பிடி."

'வாழை நலமாக உள்ளது, 98.'

போனை அணைத்துவிட்டு மறுபடி பிடித்தான். நலமாகவே இருந்தது. ஜெபகனி சேலை முந்தானையை வாய்க்காலில் நனைத்துக்கொண்டு, குலை தள்ளி வாளிப்பாக நின்ற மரம் ஒன்றின் கீற்றைத் துடைக்கப் போனாள்.

"அம்மா தாயி" என்று ஆவுடைநாயகம் ஓடி வந்தார். "அது வெல பேசுன மரம். அத அழிச்சா ஏவாரமே அழிஞ்ச மாதிரி. நாளைக்கி இன்னொருத்தன் வந்து வெட்டிட்டுப் போவான்."

"பாத்துட்டு நானே போட்டுத் தாரேன் அண்ணாச்சி."

துடைத்தாள். 'வாடல் நோய், 91.' ஆவுடைநாயகம் போனை எட்டிப் பார்த்துவிட்டுத் தார்க்காரர்களைக் கூப்பிட்டார். "ஏலே, இங்கன வாங்கலே. இந்த மரத்துக்கு நோயாம்." பிறகு தன் முழங்கையை நீட்டினார். "எனக்கும் ஒரு இழுப்பு இழுங்க டீச்சரம்மா. சக்கர கூடிருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. இவரு என்ன சொல்லுதாருன்னு பாப்போம்."

இழுத்தாள். அனுராதா போனைப் பிடித்தாள். 'வாழை நலமாக உள்ளது, 83.'

"டாக்டர் பொய்யன்வே" என்றார் ஆவுடைநாயகம். தார்க்காரர்கள் சிரித்தார்கள். அனுராதாவும் சிரித்துவிட்டாள். கிங்ஸ்லி மட்டும் சிரிக்கவில்லை. அவன் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெபகனி துடைத்த மரத்தில் கீற்றைத் திரும்பப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"இந்தத் தண்ணி இந்த வயலோட நிக்காது கிங்ஸ்லி. மூலையில நிக்குத மரத்த நல்லாருக்குன்னு விட்டா, நோய் தண்ணியோட எறங்கிக் கீழ உள்ள வயக்காடு பூராத்துக்கும் போவும். கீத்துப் போடாத எளம் மரத்தயெல்லாம் நோய்னு சொன்னா, பிடுங்கி எறிஞ்சிருவான். போன் சொல்லுச்சுன்னு செய்வான். போனுக்குக் கீழ என் கையெழுத்து இருக்கும்."

திரும்பி வரும்போது ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் கிங்ஸ்லி பைய ஆரம்பித்தான். அவள் சொன்னது சரிதான். ஆனால் சனிக்கிழமைக்கு ஆட்களைக் கூப்பிட்டாயிற்று. முதலில் கொடுத்துவிடுவோம். இரண்டு மாதத்தில் படங்களை மாற்றி எடுத்து, திருத்திய செயலியை அதே போனில் இறக்கிவிடலாம். எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் செய்கிறது.

"ரெண்டு மாசத்துல எத்தன வயலுக்குத் தண்ணி பாயும்?" என்றாள்.

"டீச்சர், இது போச்சுன்னா இந்தக் கம்பெனி நமக்கு இன்னொரு வேல தராது. அனுராதா வேல போவும். மறுபடியும் லாரிக்குக் கட்டம் கட்டிக்கிட்டு இருக்கணும்."

"கட்டுவோம். லாரிய லாரின்னு சொல்லுததுல ஒரு கேவலமும் இல்ல."

"அன்னைக்கும் இப்படித்தான் பண்ணுனிய. என்ன கெடச்சுது? வேல போச்சு."

"அதுக்குத்தான என்னத் தேடி வந்தேன்னு சொன்ன."

அவன் முகம் இறுகிவிட்டது. அலுவலக வாசலில் காரை நிறுத்தும்வரை பொறுத்திருந்து சொன்னான். "நீங்க நாளைல இருந்து வர வேண்டாம் டீச்சர். சான்றுல அனுராதா போடுவா."

பின்சீட்டில் அனுராதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெபகனி அதற்காக அவளைக் குறை சொல்லவில்லை. அனுராதாவின் சம்பளத்தில்தான் அவள் தம்பியின் படிப்பு ஓடுகிறது என்று ஜெபகனிக்குத் தெரியும். இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. பள்ளிக்கூடத்தில் இருபதை அடித்து இரண்டு என்று எழுதினாள், சரி. ஆனால் அவள் போன பிறகு வேறொரு பட்டியல் தயாராகி, வேறொருவர் கையெழுத்தில், அந்தப் பையனுக்கு இருபதுதான் கிடைத்தது. இந்த ஒன்பது வருடமும் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போட மாட்டேன் என்பது பாதி வேலைதான். தான் ஒதுங்கிக்கொண்டால் தன் கை சுத்தம். வாய்க்கால் தண்ணீருக்கு அதனால் என்ன லாபம்?

வீட்டுக்குப் போனதும் தரச் சான்றின் நகலை எடுத்துப் பழைய வழக்கப்படி பின்பக்கம் திருப்பினாள். பிறகு முன்பக்கம், மேலிருந்து கீழாக. கடைசியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, ஏற்கப்பட்டது. மற்றது, நிராகரிக்கப்பட்டது; காரணம் இணைக்கவும். ஒன்றரை வருடத்தில் இரண்டாவது கட்டத்தில் ஒருவரும் டிக் அடித்ததில்லை. எந்தக் கட்டமானாலும் கையெழுத்திட்டு அனுப்பிய அந்த நிமிடமே சான்று நேரே வேலை கொடுத்த வெளியூர்க் கம்பெனிக்குப் போய்விடும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஒன்பதேகாலுக்குப் படியேறினாள். கிங்ஸ்லி பத்து மணிக்குத்தான் வருவான். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். செய்தி முந்தைய நாளே பரவியிருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். கடவுச்சொல்லை இன்னும் யாரும் மாற்றவில்லை. காரணத்தை எழுத ஆரம்பித்தாள். எந்திரம் நோயைப் பார்க்கவில்லை, வியாபாரியின் அடையாளத்தைப் பார்க்கிறது. வயலில் செய்த மூன்று சோதனை, தேதியோடு. ஆவுடைநாயகத்தின் முழங்கையையும் சேர்த்தாள். சிரிப்பார்கள் என்றாலும் அது உண்மை. இந்தத் தப்பு, படங்களைச் சரிபார்த்த தன்னுடையது, பாடம் சொன்ன இன்ஜினியருடையது அல்ல என்று தனி வரி. புதிய படங்களை, விலை பேசுவதற்கு முன்னால், எல்லாப் பருவத்து மரத்திலும் எடுக்க வேண்டும் என்று கடைசி வரி.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது அனுராதா பக்கத்தில் நின்றாள்.

"படம் சேக்கலயாக்கா? வெறும் எழுத்த யாரு படிக்கா." குனிந்து, தன் கணினியிலிருந்து சிவப்புப் படங்கள் பத்தை அனுப்பிவைத்தாள். "எம் பேரயும் போடுங்க. எடுத்தது நாந்தானே."

"வேல போவும்ட்டி."

"இத நல்லாருக்குன்னு சொல்லி நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொரு வேல கேக்க?"

ஜெபகனி படங்களுக்குக் கீழே அவள் பெயரைச் சேர்த்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தாள். கையெழுத்துக்கான இடத்தில் தேவசிகாமணி ஜெபகனி என்று முழுதாக இட்டு, கோடு இழுத்து, தேதி போட்டாள். அனுப்பினாள்.

கிங்ஸ்லி பத்து மணிக்கு வந்து அவள் இடத்தில் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"வர வேண்டாம்னு சொன்னேன்லா டீச்சர்."

"எழுதித் தரலயே. வாயால சொன்னத எப்பிடி எடுத்துக்கிட?"

"சான்று?"

"போட்டாச்சு."

ஒரு கணம் அவன் முகம் தெளிந்தது. பிறகு அனுராதா கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். ஜெபகனி கணினியை அவன் பக்கம் திருப்பினாள். அவன் குனிந்து, பதினைந்து வருடம் முன்பு தன் விடைத்தாளைப் படித்த மாதிரி, உதடு அசையப் படித்தான். முடிப்பதற்குள் அவன் சட்டைப்பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. கம்பெனியின் எண். எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுத்துப் பேசு" என்றாள். "நான் எழுதுனது பொய்னு தோணுச்சுன்னா பொய்னு சொல்லு. நான் இங்கனயே இருக்கேன்."

"என்னத்தச் சொல்ல டீச்சர்? நேத்து நாந்தான போனப் பிடிச்சேன்."

ஜெபகனி பைக்குள்ளிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து அவன் மேசைமேல், தரச் சான்றுகள் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நேற்றைய விரல்பதிவு அதன் மூடியில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இது இங்கன இருக்கட்டும்" என்றாள். "இனிமே எந்த எந்திரம் தொண்ணூத்தேழு வாங்கிட்டு வந்தாலும் மொதல்ல இத இழுத்துப் பாத்துட்டு எங்கிட்டக் கொண்டா."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் தன் கணினியைத் திருப்பி வைத்துக்கொண்டு, அன்றைய முதல் படத்தைத் திறந்தாள்.